அகச்சிவப்பு ஒளியும் நானோ துகளும்: 'ஆழமான புற்றுநோய்' என்றால் எவ்வளவு ஆழம்?

உடலுக்குள் ஆழத்தில் இருக்கும் புற்றுநோயைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, நானோ துகள்களைத் தூண்டி அழித்துவிடலாம் என்கிற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை எங்காவது வருகிறது. வீட்டில் ஒரு நோயாளி இருப்பவர்கள் அதைப் படிக்கும்போது எழும் முதல் கேள்வி, "இது எங்களுக்குக் கிடைக்குமா?" என்பதுதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் முதலில் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தச் செய்தியில் 'ஆழம்' என்று சொல்வது எத்தனை மில்லிமீட்டர்?

இந்தத் துறையின் சாதனைகளும் சிக்கல்களும் பெரும்பாலும் அந்த எண்ணைச் சுற்றியே இருக்கின்றன. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உடலுக்குள் ஒளி எவ்வளவு தூரம் போகும்?

இருட்டறையில் டார்ச் விளக்கை எரியவிட்டு அதன் மேல் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை ஒளிதான். அதிலுள்ள நீலமும் பச்சையும் தோலிலும் இரத்தத்திலும் நின்றுவிட, சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகிறது. எலும்பின் நிழலையும் அங்கே தேடிப் பாருங்கள், தெரியாது. உள்ளே போன ஒளி நேர்க்கோட்டில் போகாமல், பாலுக்குள் விட்ட வெளிச்சம் போல எல்லாப் பக்கமும் சிதறிவிடுகிறது.

ஆக, திசுவுக்குள் ஒளிக்கு இரண்டு தடைகள்.

1. உறிஞ்சப்படுதல். இரத்தத்தின் ஹீமோகுளோபினும் தோலின் மெலனினும் நீலம், பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கும் அலைநீளம் சுமார் 650 நானோமீட்டரைத் தாண்டினால் ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்துவிடும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஆனால் சுமார் 950 நானோமீட்டருக்கு மேலே தண்ணீர் உறிஞ்சத் தொடங்குகிறது. நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர்.

2. சிதறல். அலைநீளம் கூடக்கூட இது குறையும்.

இரத்தமும் தண்ணீரும் ஓரளவு வழிவிடுகிற 650 முதல் 950 நானோமீட்டர் வரையிலான இடைவெளியை ஆய்வாளர்கள் 'ஒளிச் சாளரம்' என்கிறார்கள். 1,000 நானோமீட்டருக்கு மேல் இரண்டாவது சாளரம் ஒன்றும் உண்டு. அங்கே தண்ணீரின் தொல்லை இருந்தாலும் சிதறல் மிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஏறக்குறைய 700-இல் முடிகிறது. அதற்கு அடுத்து வருவதுதான் அண்மை அகச்சிவப்பு ஒளி. டிவி ரிமோட்டின் முனையிலிருந்து வருவதும் இதுவே. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிறு கருவியில் 660 நானோமீட்டர் சிவப்பும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் எரிகின்றன. இரண்டும் விரலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேருவதால்தான் அந்தக் கருவியால் அளக்க முடிகிறது.

விரலின் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். கணையம் அதைவிட எவ்வளவோ உள்ளே இருக்கிறது.

ஒளியால் புற்றுநோயைக் கொல்லும் பழைய முறை

நானோ துகள் வருவதற்கு முன்பே ஒளியால் புற்றுநோய்க்குச் சிகிச்சை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதன் பெயர் ஒளியியக்க சிகிச்சை. மருத்துவர்கள் பிடிடி என்பார்கள். இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: ஒளியுணர் மருந்து, அதற்கேற்ற நிற ஒளி, திசுவிலுள்ள ஆக்சிஜன். மருந்து உடலில் பரவி, கட்டியில் கூடுதலாகத் தங்குகிறது. அந்த இடத்தில் மட்டும் ஒளி காட்டினால், மருந்து ஒளியின் ஆற்றலை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. சாதாரண ஆக்சிஜன் 'சிங்லெட் ஆக்சிஜன்' என்ற மூர்க்கமான வடிவத்துக்கு மாறிப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரித்துவிடுகிறது. ஆனால் அதன் ஆயுள் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. செல்லுக்குள் பிறந்தால் ஒரு செல்லின் அகலத்தைக்கூடக் கடக்காமல் அழிந்துவிடும்.

இதன் அழகே இங்கேதான் இருக்கிறது. கீமோதெரபி மருந்து போன இடமெல்லாம் வேலை செய்யும். இங்கே மருந்து மட்டும் இருந்தாலும் ஒன்றும் நடக்காது, ஒளி மட்டும் பட்டாலும் ஒன்றும் நடக்காது. இரண்டும் சேரும் இடத்தில்தான் செல் சாகும். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இருப்பது போல.

ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்து கனடாவில் 1993-இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், அமெரிக்காவில் 1995-இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது. அதைத் தூண்டுவது 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி. சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் பயன். அதனால்தான் இந்தச் சிகிச்சை தோல், உணவுக்குழாய், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை போன்ற மேற்பரப்புகளோடு நின்றுவிட்டது. மருந்து தோலிலும் தங்குவதால் நோயாளி குறைந்தது 30 நாள் வெயிலில் போகக் கூடாது. அறைக்குள்ளேயே பிரகாசமான விளக்கிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நோயோடு சேர்த்து இந்த வெளிச்சக் கட்டுப்பாட்டையும் ஒரு மாதம் தாங்குவது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் அகச்சிவப்பிலேயே மருந்தைத் தூண்டலாமே?

எல்லோருக்கும் தோன்றுகிற கேள்வி. இதற்கு இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்தை ஃபோட்டான் என்கிறோம். அலைநீளம் கூடினால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் குறையும். 650 நானோமீட்டர் ஃபோட்டானில் சுமார் 1.9 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. 980-இல் சுமார் 1.27 தான். ஆக்சிஜனை மாற்ற 0.98 வேண்டும். 1.27 போதுமே என்று தோன்றும். ஆனால் மருந்து மூலக்கூறு தான் வாங்கிய ஆற்றலை அப்படியே கைமாற்றுவதில்லை, நடுவில் ஒரு பகுதியை இழந்துவிட்டுத்தான் கொடுக்கிறது. சுமார் 850 நானோமீட்டருக்கு மேல் போனால் மிச்சம் பற்றாமல் போய்விடுகிறது.

அதாவது, ஆழமாகப் போகும் ஒளிக்கு வலு குறைவு, வலுவுள்ள ஒளி ஆழமாகப் போவதில்லை. நானோ துகள்கள் இந்த இடத்தில்தான் உள்ளே வருகின்றன.

துகள் செய்யும் வேலை

முதல் வழி, வெப்பம். தங்கத்தை நானோ அளவுக்குக் கொண்டுவந்தால் அதன் நிறமே மாறிவிடும். மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட அலைநீள ஒளிக்கு ஒத்திசைந்து ஊசலாடி, அந்த ஒளியைப் பெருமளவு விழுங்கி வெப்பமாக்கும். எந்த அலைநீளம் என்பதைத் துகளின் வடிவம் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலாஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழுவினர் கண்ணாடி போன்ற சிலிக்கா உருண்டையின் மேல் மெல்லிய தங்க ஓடு போர்த்தி 'நானோ ஓடு' செய்தார்கள். ஓட்டின் தடிமனை மாற்றினாலே போதும், அது விழுங்கும் ஒளி 800 நானோமீட்டர் பக்கம் வந்துவிடும். குறுக்களவு சுமார் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஐநூறை வரிசையாக வைக்கலாம். 2003-இல் இந்த முறை எலிகளின் கட்டியில் வேலை செய்வதை அவர்கள் காட்டினார்கள். செல் 42, 43 டிகிரியில் தடுமாறத் தொடங்கும். 60 டிகிரியைத் தொட்டால் அதன் புரதங்கள் அவித்த முட்டை மாதிரி உறைந்துவிடும். இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல், ஏனென்றால் பல கட்டிகளின் உட்பகுதியில் ஆக்சிஜன் பற்றாக்குறை.

இரண்டாவது வழியை நான் இன்னும் நுட்பமானது என்பேன். துகளே ஒளியின் நிறத்தை மாற்றிக் கொடுத்தால்? யிட்டர்பியம், எர்பியம், தூலியம் போன்ற அருமண் தனிமங்களைச் சோடியம் யிட்ரியம் ஃபுளோரைடு என்ற படிகத்துக்குள் சிறிதளவு கலந்தால் இது நடக்கிறது. படிப்படியாகப் பார்த்தால்:

1. வெளியிலிருந்து 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி துகளில் படுகிறது.
2. யிட்டர்பியம் அதைப் பிடித்துப் பக்கத்திலிருக்கும் எர்பியத்துக்குத் தள்ளிவிடுகிறது.
3. எர்பியம் அந்த ஆற்றலைச் சற்று நேரம் வைத்துக்கொள்கிறது. அது தீர்வதற்குள் அடுத்த ஃபோட்டானின் ஆற்றலும் வந்து சேர்கிறது.
4. இரண்டு சின்னத் தொகையும் சேர்ந்து பெரிய தொகையாகி, எர்பியம் பச்சை அல்லது சிவப்பு ஒளியை உமிழ்கிறது.
5. துகளின் மேலேயே ஒட்டியிருக்கும் ஒளியுணர் மருந்து அந்த ஒளியை வாங்கி, வழக்கமான பிடிடி வேலையைத் தொடங்குகிறது.

இப்படி ஆற்றலைக் கூட்டித் தருவதை அப்கன்வெர்ஷன் என்கிறார்கள். 1960-களிலேயே பிரான்சில் ஃபிரான்சுவா ஓசல் போன்றவர்கள் இதை விளக்கிவிட்டார்கள். மருத்துவத்துக்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2012-இல் இத்தகைய துகளில் இரண்டு ஒளியுணர் மருந்துகளை ஏற்றி, ஒரே 980 நானோமீட்டர் ஒளியால் இரண்டையும் தூண்டி, எலிகளின் கட்டி வளர்ச்சியைக் குறைத்துக் காட்டியது. கட்டிக்குள்ளேயே எரியும் ஒரு சிறு விளக்கை வைத்து, அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் அனுப்புவது போன்ற யோசனை இது. பலர் இதில் மனதைப் பறிகொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஆழத்தின் கணக்கு

திசுவுக்குள் ஒளி சீராகக் குறைவதில்லை, மடங்கு மடங்காகக் குறைகிறது. புரிவதற்காக ஒரு கணக்கு: ஒவ்வொரு 5 மில்லிமீட்டருக்கும் ஒளி மூன்றில் ஒரு பங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். அண்மை அகச்சிவப்புக்கு இது நடைமுறைக்கு ஒத்த எண்தான். 1 சென்டிமீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு மிஞ்சும். 2 சென்டிமீட்டரில் 81-இல் ஒரு பங்கு. 5 சென்டிமீட்டரில் 59,049-இல் ஒரு பங்கு.

அப்கன்வெர்ஷன் துகளுக்கு நிலைமை இன்னும் கடினம். அதற்கு இரண்டு ஃபோட்டான்கள் அடுத்தடுத்து வேண்டும். ஆகவே ஒளி பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அது உமிழும் ஒளி நூறில் ஒன்றாகிவிடும். மேலே சொன்ன கணக்கில் 1 சென்டிமீட்டரில் 81-இல் ஒரு பங்கு, 2 சென்டிமீட்டரில் 6,561-இல் ஒரு பங்கு. அதற்கும் மேலாக, நானோ அளவில் இந்த மாற்றத்தின் திறன் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைத் தொடுவதே அரிது.

சரி, வெளியே லேசரின் வலுவைக் கூட்டலாமே? தோல் சுட்டுவிடும். தோலுக்குப் பாதுகாப்பான உச்ச அளவு என்று லேசர் பாதுகாப்பு விதிகள் வைத்திருப்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 808 நானோமீட்டரில் சுமார் 0.33 வாட், 980-இல் சுமார் 0.73 வாட். எலியில் நடந்த எத்தனையோ ஆய்வுகள் இதைத் தாண்டித்தான் ஒளி பாய்ச்சியிருக்கின்றன. 980-ஐத் தண்ணீர் உறிஞ்சுவதால் வழியிலுள்ள நல்ல திசுவும் சூடாகும். இதைத் தவிர்க்க நியோடிமியத்தைச் சேர்த்து, 808 நானோமீட்டரிலேயே தூண்டக்கூடிய துகள்களைச் செய்திருக்கிறார்கள். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மடங்குக் கணக்கை அதனாலும் மாற்ற முடியாது.

எலி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சோதனை எலியின் மொத்த எடை 20, 25 கிராம். கட்டியை வழக்கமாக அதன் விலாத் தோலுக்கு அடியில் வளர்க்கிறார்கள். அந்த உடலில் எதுவுமே 'ஆழம்' இல்லை. எலியில் கட்டி மறைந்தது என்பது உண்மையான முடிவு. மனிதக் கல்லீரலுக்குள் இருக்கும் கட்டிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

துகள் கட்டிக்குப் போய்ச் சேருகிறதா?

ஒளியைப் போலவே துகளும் போய்ச் சேர வேண்டும். கட்டியில் அவசரமாக வளர்ந்த இரத்தக் குழாய்கள் ஒழுகும், அதன் வழியே துகள்கள் கசிந்து தங்கும் என்பது 1986-இல் ஜப்பானின் மாட்சுமுரா, மாயேதா முன்வைத்த விளக்கம். துறையே அதை நம்பி நடந்தது. 2016-இல் டொரோன்டோ பல்கலைக்கழகக் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டியை அடைந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம் என்று தெரிந்தது. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டுமானால் துகள் ஏறக்குறைய 6 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இவை அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே மாதக்கணக்கில் உள்ளே தங்கலாம்.

இரண்டு சாவித் தத்துவம் இங்கே நோயாளியைக் காப்பாற்றுகிறது. கல்லீரலில் துகள் இருந்தாலும் அங்கே ஒளி படாதவரை அது எரியாது. ஆனால் நீண்ட காலம் தங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி தனியே நிற்கிறது. தங்கம் பெரும்பாலும் சும்மா இருக்கும் பொருள். அருமண் படிகங்களுக்கு மனித உடலில் அத்தனை நீண்ட அனுபவம் கிடையாது.

மனிதர்களிடம் எதுவரை வந்திருக்கிறது?

ரைஸ் பல்கலைக்கழகத்தின் தங்க ஓடுகள்தான் இந்த வரிசையில் முன்னால் நிற்கின்றன. புரோஸ்டேட் சுரப்பிக்குள் மட்டும் புற்றுநோய் இருந்த 16 ஆண்களிடம் செய்த சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. அவர்களில் 15 பேருக்குச் சிகிச்சையை முழுமையாகச் செய்ய முடிந்தது. சிறுநீர் கழிப்பதிலோ பாலியல் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. புரோஸ்டேட் அறுவைக்குப் பின் ஆண்கள் பலரும் வாய்விட்டுச் சொல்லாமல் தவிக்கும் இரண்டு துன்பங்கள் இவை. அதனால் இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தச் சிகிச்சை எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். துகள்களை முந்தைய நாளே இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். மறுநாள் எம்ஆர்ஐ படத்தையும் அல்ட்ராசவுண்டையும் பொருத்திப் பார்த்து, கட்டி இருக்கும் இடத்துக்கே மெல்லிய ஒளியிழையைச் செருகி, 810 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினார்கள். வயிற்றின் மேல் லேசரைக் காட்டி உள்ளே எரிக்கவில்லை. ஆழத்தைக் கடந்தது ஒளியிழை. அகச்சிவப்பு செய்தது, இழையின் முனையிலிருந்து கட்டி முழுக்கப் பரவும் அந்தக் கடைசிச் சென்டிமீட்டர் வேலையை.

துகள் இல்லாத உறவுமுறைச் சிகிச்சைகளும் இதே வழியில்தான் போகின்றன. புரோஸ்டேட்டுக்கு 753 நானோமீட்டரில் இயங்கும் டூகாட் என்ற மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அனுமதி தந்தது. அதற்கும் இழைகளைச் செருக வேண்டும். அமெரிக்காவில் 2020-இல் மருந்து அனுமதி அமைப்பின் ஆலோசனை நிபுணர் குழு அதற்கு எதிராக வாக்களித்தது. ஜப்பான் 2020-இல், புற்றுநோய்ச் செல்லில் போய் ஒட்டும் எதிர்ப்பொருளோடு ஒளியுணர் சாயத்தை இணைத்து 690 நானோமீட்டர் ஒளியால் தூண்டும் சிகிச்சைக்குத் தலை, கழுத்துப் புற்றுநோயில் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. அப்கன்வெர்ஷன் துகள்களின் கதை பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிலும்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இப்போது கையில் இருக்கும் சிகிச்சையை இதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் நான்கைத் தேடுங்கள்.

1. சோதித்தது தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதரிலா?
2. ஒளி எத்தனை மில்லிமீட்டர் திசுவைக் கடந்தது?
3. ஒளி தோலின் மேலிருந்தா, இழை வழியாகவா?
4. துகளை இரத்தத்தில் ஏற்றினார்களா, நேரே கட்டிக்குள் குத்தினார்களா? பின்னது என்றால் 0.7 சதவீதச் சிக்கலை அந்த ஆய்வு தொடவே இல்லை.

ஒரு சென்டிமீட்டருக்கு மதிப்பு உண்டா?

உண்டு. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவையில் கண்ணுக்குத் தெரிந்த கட்டியை முழுக்க எடுத்தாலும், சுற்றியுள்ள மூளைத் திசுவுக்குள் வேர்விட்ட செல்கள் மிஞ்சிவிடும். மூளையில் 'கொஞ்சம் தாராளமாக வெட்டுவது' என்பது நடக்காத காரியம், வெட்டும் இடத்தில் பேச்சு போகலாம், கை போகலாம். பிரான்சின் லீல் நகரில் மருத்துவர்கள் இதற்கு ஒளியை முயன்று பார்த்திருக்கிறார்கள். அறுவைக்கு முன் நோயாளி ஒளியுணர் மருந்தைக் குடித்துவிடுகிறார். கட்டியை எடுத்ததும் அந்தக் குழிக்குள் ஒரு சிறு பலூனை வைத்து, ஒளியைச் சிதறவிடும் வெண்ணிறத் திரவத்தால் நிரப்பி, நடுவில் ஒளியிழையை விட்டு 635 நானோமீட்டர் சிவப்பைப் பாய்ச்சுகிறார்கள். குழியின் சுவர் முழுக்க ஒளி படுகிறது. மண்டையோடு, தோல் என்று கடக்க வேண்டியது எதுவும் இல்லை.

அந்தச் சிவப்பு ஒளி சுவருக்குள் சில மில்லிமீட்டர் போகும். கிளியோபிளாஸ்டோமா திரும்ப வருவது பெரும்பாலும் பழைய விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள். அந்தச் சில மில்லிமீட்டருக்கும் 2 சென்டிமீட்டருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளையத்தைத்தான் அகச்சிவப்பும் துகளும் சேர்ந்து எட்ட வேண்டியிருக்கிறது.